சீனப் பெயர் வைக்கும் கடை: 388 வெள்ளிக்கு என்ன கிடைக்கிறது?

நாங்கள் போன கடை சிங்கப்பூர் சைனாடவுன் பக்கம், பழைய வணிகக் கட்டடம் ஒன்றின் மாடியில் இருக்கிறது. பிறந்த குழந்தைக்குச் சீனப் பெயர் தேர்ந்து தருவது அவர்கள் தொழில். கட்டணம் 388 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். அதில் பாதியை நான் மனமாரக் கொடுப்பேன். மீதிப் பாதி என் மாமியாரின் நிம்மதிக்குக் கொடுத்தது. குறையும் சொல்லப்போவதால் கடையின் பெயரைப் போடவில்லை. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் சீனக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட தமிழ்ப் பெண்கள் பலர் இருக்கிறோம், யாருக்காவது உதவும்.

நான் தணிக்கையாளர். கணவர் ஹொக்கியன் பேசும் சீன வீட்டுப் பிள்ளை, குடும்பப் பெயர் டான், மாண்டரினில் சொன்னால் சென். மகளுக்குத் தமிழ்ப் பெயரை என் அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டோம். சீனப் பெயர்தான் சிக்கல். நமக்கு நட்சத்திரம் பார்த்து முதல் எழுத்து சொன்னால் பாதி வேலை முடிந்தது, புழக்கத்தில் இருக்கும் பெயர்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அங்கே அப்படிப் பெயர்க் கையிருப்பு என்று ஒன்று கிடையாது. 1716இல் வெளிவந்த காங்ஷி அகராதியில் 47,000க்கும் மேற்பட்ட எழுத்துகள். அவற்றில் ஒன்றோ இரண்டோ எடுத்துச் சேர்த்தால் அது ஒரு பெயர். கரை காணாத இந்தத் தெரிவில் பிடிமானம் வேண்டித்தான் சீனர்கள் பழைய நூல்களையும் நான்கெழுத்து மரபுத்தொடர்களையும் புரட்டுகிறார்கள். ‘பெண்ணுக்கு ஷி ஜிங், ஆணுக்குச் சூ ட்ஸு’ என்று ஒரு சொலவடையே இருக்கிறது. ஷி ஜிங் 305 பாட்டுகள் கொண்ட ஆதிக் கவித்தொகை. சூ ட்ஸு, சூ யுவான் என்ற கவியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் தெற்கத்திப் பாடல்கள்.

மலேரியா மருந்துக்காக 2015இல் நோபல் பரிசு பெற்ற தூ யோயோவின் பெயர் ஷி ஜிங்கில் வரும் மான் கூவும் ஒலி. அதே பாட்டின் அடுத்த பத்தியில் மான்கள் மேயும் செடி ‘ஹாவ்’. அவர் மருந்து பிரித்தெடுத்த ‘சிங்ஹாவ்’ செடியின் பெயரிலும் அதே எழுத்து இருக்கிறது. 1930இல் பிறந்த பிள்ளைக்கு அவர் அப்பா வைத்த பெயர் அது. மாமியார் இந்தக் கதையைச் சொல்லித்தான் என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார்.

அதற்கு முன்னால் ஓர் இலவசச் செயலியில் முயன்றோம். குடும்பப் பெயரையும் பிறந்த நேரத்தையும் போட்டால் பாட்டு வரியோடு பெயர் கொட்டுகிறது. முதலில் வந்தது ‘ட்ஸாய்வெய்’, காட்டுக் கீரை பறித்தல். கேட்க அழகு. பாட்டை முழுக்கத் தேடிப் படித்தால், போர்முனையில் பசியோடு கீரை பறித்துத் தின்ற சிப்பாயின் புலம்பல். போதாததற்கு, சோவ் அரசின் தானியத்தைத் தொடமாட்டோம் என்று மலையேறி, இதே கீரையைத் தின்று பட்டினியில் செத்த போ யீ, ஷு சீ சகோதரர்களின் நினைவும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்தது ‘யூஃபெய்’, சேர்ந்து பறத்தல். பறவைகள் பறக்கத்தான் செய்கின்றன, ஆனால் அது ஒரு பெண்ணை வழியனுப்பிவிட்டு மழையாகக் கண்ணீர் வடிக்கும் பாட்டு. செயலிக்கு ஒரு வரிதான் தெரியும், அதற்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று தெரியாது. நம் ஊர் ‘சங்க காலப் பெயர்கள்’ பட்டியல்களிலும் இதே கதைதான், அதைப் பிறகொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

கடைக்கு வருகிறேன். உள்ளே இரண்டு மேசை. ஒன்றில் சிஃபு, ஜாதகமும் எண்ணும் அவர் பொறுப்பு. மற்றதில் ஓய்வுபெற்ற சீன மொழி ஆசிரியர் ஒருவர், பாட்டும் பொருளும் அவர் பொறுப்பு. எங்களோடு பாதி ஆங்கிலத்தில் பேசினார். கடையின் உயிர் அவர்தான். அவர் எல்லா நாளும் வருவதில்லை, தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

முதல் வேலை, இரண்டு பக்கத்திலும் மூன்று தலைமுறைப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது. பெரியவர்கள் பெயரில் இருக்கும் எழுத்தோ ஒலியோ குழந்தைக்கு வந்துவிடக் கூடாது, மரியாதைக் குறைவு. தாங் காலத்துக் கவி லீ ஹ, அப்பாவின் பெயர் ‘ஜின்சு’ என்பதால் ‘ஜின்ஷி’ பட்டத் தேர்வை எழுதவே முடியாமல் போனதை ஆசிரியர் சொன்னார். தமிழ்ப் பெயர்களையும் விடாமல் கேட்டு வாங்கினார். அன்று இரவு அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். “பாட்டி பேர வைக்கணும்னு நான் இங்க தவம் கிடக்குறேன், வைக்கக் கூடாதுன்னு அங்க பட்டியல் போடுறாங்களா?” என்றார். இரண்டு மரியாதையும் ஒரே பிள்ளையின் தலையில் இறங்குகிறது, என்ன செய்ய. பாட்டி பெயர் தமிழ்ப் பெயருக்குள் போய் உட்கார்ந்தது.

சிஃபு பார்ப்பது பிறந்த வருடம், மாதம், நாள், நேரம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்து, ஆக எட்டு. அவற்றை ஐம்பூதங்களாகப் பிரித்து எது குறைகிறது என்று பார்த்து, குறைவதைப் பெயரில் சேர்ப்பார்கள். என் மகளுக்கு நீர் குறைவாம். மாமியார் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். இந்தக் கட்டத்தை நான் வேகமாகக் கடக்கிறேன், நம்புகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆசிரியர் பக்கம்தான் ருசி. ‘யிநுவோ’ வேண்டுமா என்று அவரே கேட்டு, அவரே வேண்டாம் என்றார். ‘ஒரு வாக்கு, ஆயிரம் பொன்’ என்ற மரபுத்தொடரிலிருந்து வருவது அது. ஜி பூ என்பவர் கொடுத்த ஒரு வாக்கு நூறு ஜின் எடைப் பொன்னைவிட மேல் என்று சிமா சியென் எழுதிய வரலாற்றில் இருக்கிறது. நல்ல பெயர், சந்தேகமில்லை. ஆனால் சீனாவில் அண்மை ஆண்டுகளின் பெயர்ப் பட்டியல்களில் அது முன்வரிசையில் நிற்கிறது, வகுப்பில் கூப்பிட்டால் மூன்று பேர் திரும்புவார்கள் என்றார். ‘ருவோஷி’யும் அப்படித்தான், பழைய நூல் வாசம் அடிக்கும், பாட்டு வரி எங்கே என்று கேட்டால் அவரால் காட்ட முடியவில்லை. என் கணவர் ஆசையாகக் கொண்டுபோன ‘யிஜியா’ ஷி ஜிங்கில் புதுப்பெண்ணை வாழ்த்தும் பீச்சுப்பூப் பாட்டில் வருகிறது, குடும்பத்துக்கு உகந்தவள் என்று பொருள். “அதுதான் ஐக்கியா கடையின் சீனப் பெயர்” என்றார் ஆசிரியர், சிரிக்காமல். அடுத்து நான் கேட்ட ‘சிங்யாங்’, தெளிந்த அழகிய கண்களைச் சொல்லும் பாட்டு. அது ஷாம்பு. பெரிய நிறுவனங்களுக்குப் பெயர் வைப்பவர்களும் இதே 305 பாட்டைத்தான் புரட்டுகிறார்கள் போல.

அவர் முதலில் கொடுத்த பெயர் ‘ஸ்ஸுச்சி’. சான்றோரைக் கண்டால் அவருக்கு நிகராக நினை என்று கன்ஃபூசியஸின் உரைகளில் வரும் தொடரிலிருந்து எடுத்தது. குடும்பப் பெயரோடு சேர்த்து ‘சென் ஸ்ஸு’ என்று சொன்னால் ஆழ்ந்து சிந்தித்தல் என்றும் காதில் விழும். எனக்கு உடனே பிடித்தது. சிஃபு பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்தார். பெயரின் எழுத்துகளை எழுதப் போடும் கோடுகளை எண்ணிக் கூட்டினால் 25, 23, 39 வருகிறதாம், 23ம் 39ம் பெண்ணுக்கு ஆகாதாம். ஆண் பிள்ளைக்கு அமோகமாம்.

எண் என்றதும் நான் பேனாவை எடுத்துவிட்டேன். குடும்பப் பெயரைச் சீனாவிலும் சிங்கப்பூரிலும் இப்போது 7 கோட்டில்தான் எழுதுகிறோம். அவர் போட்டது 16. காங்ஷி அகராதி முறையில் பழைய வடிவத்தை, அதிலும் பக்க உறுப்பை அதன் மூல எழுத்தாக விரித்து எண்ணுவார்களாம். நீரைக் குறிக்கும் மூன்று புள்ளி அங்கே நான்கு கோடு, எழுத்தின் மேலே போடும் புல் உறுப்பு ஆறு கோடு. இன்றைய வடிவத்தை எண்ணினால் 16, 15, 22 என்று எல்லாமே மாறுகிறது. இரண்டு கணக்கில் எது செல்லும் என்று கேட்டேன். இந்த ஐங்கட்ட எண் முறையே 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் குமாசாகி என்ற ஜப்பானியர் வகுத்தது, தாங் கவிகள் யாரும் இதைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை என்று ஆசிரியர் மெல்லச் சொன்னார். சிஃபுவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஒரே கடைக்குள் இரண்டு கட்சி! கடைசியில் மாமியார்தான் கேட்டார், பள்ளிக்கூடத்தில் பிள்ளை எந்த வடிவத்தை எழுதும் என்று. இன்றைய வடிவம்தான். அப்படியானால் இதை எண்ணுங்கள் என்று விட்டார். தணிக்கையில் இப்படி ஒரு மேலாளர் எனக்கு வாய்த்ததில்லை.

ஆனால் ‘ஸ்ஸுச்சி’யை நானே கைவிட்டேன். மாண்டரின், ஹொக்கியன், தியோசியூ என்று மூன்று சீனப் பேச்சிலும் ஒலி பார்த்தார்கள். தமிழில் யாரும் பார்க்கவில்லை. என் பெரியப்பா வீட்டில் வந்து “சீச்சீ, இங்க வா” என்று கூப்பிடும் காட்சி கண் முன் வந்தது. விளக்கியபோது ஆசிரியர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, ஷி ஜிங்கைத் திறந்து அதே இரண்டு எழுத்தில் தொடங்கும் இன்னொரு பாட்டைக் காட்டினார். சோவ் குலத்து அரசர் வென்னின் அம்மா தாய்ரென்னைப் போற்றும் பாட்டு. அவள் தன் மாமியாரிடம் அன்பாக இருந்தாள், அவளுடைய மருமகள் தாய்ஸ்ஸு அந்த நற்பெயரைத் தொடர்ந்தாள் என்று போகிறது. அந்த நற்பெயர்தான் ‘ஹுவெய்யின்’. மருமகள் மாமியாரின் புகழைத் தொடர்கிறாள் என்று கேட்டதும் என் மாமியார் நாற்காலியில் ஓர் அங்குலம் உயர்ந்தார். அடுத்த அடியையும் வாசியுங்கள் என்றேன், கீரை பறித்தவர்களின் பாடம் மறக்குமா? ‘ஆகவே நூறு ஆண்மக்கள்’ என்று இருக்கிறது. அது அரச குலத்துக்கு, சிங்கப்பூர் வாடகைக்கு இல்லை என்று கணவர் சமாளித்தார்.

1904இல் பிறந்த கட்டடக் கலைஞர் லின் ஹுவெய்யினுக்கு அவருடைய தாத்தா வைத்த பெயர் இதே வரியிலிருந்து வந்தது. 1937இல் ஷான்ஷி மாகாணத்து மலையில் ஃபோகுவாங் கோயிலின் உத்தரத்தில் மங்கிக் கிடந்த எழுத்தைக் கண்டு, அது 857இல் கட்டிய மண்டபம் என்று நிறுவ வழி செய்தவர் அவர். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்த ஓர் ஆண் எழுத்தாளரோடு குழப்பம் வரவே, கடைசி எழுத்தை மட்டும் பிற்பாடு மாற்றிக்கொண்டார். என் மகளுக்குப் பழைய எழுத்தே போதும்.

குறைகளையும் ஆசிரியர் மறைக்கவில்லை. முதல் எழுத்துக்கு 17 கோடு, தொடக்கநிலை ஒன்றில் பிள்ளை அழும். தொனி கொஞ்சம் மாறினால் எதிரொலி என்று பொருள், இன்னும் மாறினால் மருத்துவ நூலில் வரும், சபையில் சொல்ல முடியாத உடற்பகுதி. இதை எந்தச் செயலியும் எனக்குச் சொல்லியிருக்காது. இந்தப் பெயரில் நீர் எங்கே என்று சிஃபு கேட்டார். பதில் சொல்லாமல் மாமியார் பணத்தை எண்ணினார்.

388 வெள்ளிக்குக் கையில் கிடைப்பது: ஆசிரியர் தூரிகையால் எழுதிய சிவப்புத் தாள், மூலப் பாட்டு முழுதும் ஒரு பக்கம், ஜாதக அறிக்கை, அச்சிட்ட சான்றிதழ். அறிக்கை எங்கேயோ வெட்டி எங்கேயோ ஒட்டிய நடை, அதில் ஓரிடத்தில் ‘அவன்’ என்று வேறு இருந்தது. பச்சைக்கல் பதக்கம் வாங்கினால் நீர்க் குறை நிவர்த்தியாகும் என்று சிஃபு இரண்டு தரம் நச்சரித்தார், வாங்கவில்லை. எண்ணும் ஜாதகமும் வேண்டாம், ஆசிரியரின் பாட்டு மட்டும் போதும், விலை குறையுமா என்று கேட்டேன். தனியாகத் தர மாட்டார்களாம்.

சான்றிதழில் முதல் எழுத்தே தப்பாக வந்தது. ‘ஹுவெய்’க்குப் பதிலாக, பார்வைக்கு அதே போல் இருக்கும் ‘வெய்’ என்ற எழுத்தை அச்சிட்டுவிட்டார்கள். என் கணவர் சீனம் படித்தவர், அவர் கண்ணில் படவில்லை. ஆசிரியரின் தூரிகை எழுத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது என் கண்ணில் பட்டது. முணுமுணுத்தாலும் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் பிறப்பைப் பதிவு செய்ய 42 நாள் அவகாசம் இருக்கிறது, ஆகவே பிள்ளைக்கு ஒரு மாதம் நிறைந்ததும் வைக்கும் முழு மாத விருந்துக்குச் சிவப்பு முட்டை சொல்லும் முன்னாலேயே கடைக்குப் போய்விடுங்கள், திருத்தத்துக்கு நேரம் வேண்டும். அம்மாவுக்கு ‘ஹுவெய்யின்’ வாயில் நுழையவில்லை, ‘குயின்’ என்று கூப்பிடுகிறார். மாமியார் அதைத் திருத்தவே இல்லை.