கரோக்கேவில் முதலில் எதைப் பாடுவது? பெண் குரலுக்குச் சில ஜப்பானியப் பாடல்கள்

ஜப்பானில் அலுவலக விருந்து சாப்பாட்டோடு முடிவதில்லை. 'நிஜிகாய்' என்று இரண்டாம் சுற்று ஒன்று உண்டு. அது பெரும்பாலும் ஒரு கரோக்கே அறையில் போய் நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஓர் அறையில் என் கைக்கு மைக் வந்தபோது, உடாடா ஹிகாருவின் 'ஃபர்ஸ்ட் லவ்' பாட்டைப் போடச் சொன்னேன். மெதுவான பாட்டு, பல்லவியில் ஆங்கிலச் சொற்களும் வருகின்றன, சமாளித்துவிடலாம் என்று நம்பினேன். பல்லவிக்கு வருவதற்குள்ளேயே குரல் உடைந்துவிட்டது. எதிரே இருந்த பெண் சத்தமில்லாமல் இன்னொரு மைக்கை எடுத்து, என் குரல் போகாத இடங்களில் மட்டும் கூடவே பாடினார். அந்த உதவியை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு நிறையப் பாடிப் பார்த்ததில் ஒன்று தெளிவானது. ஒரு பாட்டு எளிதா என்பதை அதன் வேகம் சொல்லாது. உச்சம் எவ்வளவு மேலே போகிறது, மூச்சு எடுக்க எங்கே இடம் இருக்கிறது, ஒரு தாளத்துக்குள் எத்தனை எழுத்தை அடைத்திருக்கிறார்கள் என்ற மூன்றையும்தான் பார்க்க வேண்டும். 'ஃபர்ஸ்ட் லவ்' முதல் இரண்டிலுமே நம்மைக் கவிழ்த்துவிடும். சாதாரணக் குரலிலிருந்து கள்ளக் குரலுக்கு, அதாவது உச்சத்தில் எடுக்கும் மெல்லிய பொய்க் குரலுக்கு, வழுக்கிப் போய் உடனே திரும்ப வேண்டும். கடைசிப் பல்லவியில் சுருதியும் ஏறிவிடும். 1999 இல் உடாடா இதைப் பாடியபோது அவருக்கு வயது 16. அதே பெயரில் வந்த ஆல்பம் ஜப்பானில் மட்டும் 75 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அறையில் இருக்கும் எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டு அது, எங்கே தவறினாலும் தெரிந்துவிடும்.

சரி, அப்படியானால் எதை எடுப்பது? யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது கிரோரோவின் 'மிராய் எ'. 'எதிர்காலத்தை நோக்கி' என்று பொருள். கிரோரோ என்பது ஒகினாவாவின் யொமிதான் ஊரைச் சேர்ந்த இரண்டு பெண்கள், ஒருவர் பாட்டு, ஒருவர் பியானோ. பாடகி தன் அம்மாவை நினைத்து எழுதிய இந்தப் பாட்டு 1998 இல் வந்தது. பள்ளிப் பட்டமளிப்பு விழாக்களில் பிள்ளைகள் சேர்ந்து பாடுவார்கள் என்பதால் எந்த வயதுக்காரருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய வசதி, இது பல்லவியிலேயே தொடங்குகிறது. பல்லவியை ஜப்பானில் 'ஸபி' என்பார்கள். பெரும்பாலான பாடல்களில் ஒரு நிமிடம் கழித்துத்தான் ஸபி வரும், உச்சம் நமக்கு எட்டாது என்பது அப்போதுதான் தெரியும். இதில் முதல் சில வரிகளிலேயே தெரிந்துவிடும். எட்டவில்லையா, அங்கேயே சுருதியைக் குறைத்துக்கொள்ளலாம். சொற்களும் இடைவெளி விட்டு வருகின்றன, வரி முடிந்ததும் நிதானமாக மூச்சு எடுக்கலாம். இந்த மெட்டில்தான் தைவான் பாடகி ரெனே லியூ 'ஹோலாய்' என்ற சீனப் பாட்டைப் பாடினார். அறையில் சீனர்களோ தைவான்காரர்களோ இருந்தால் அவர்களும் தங்கள் மொழியில் கூடவே முணுமுணுப்பார்கள். எனக்கு இரண்டு தடவை அப்படி நடந்திருக்கிறது.

இதற்கு நேர் போட்டி அய்ம்யோனின் 'மேரிகோல்டு', 2018 ஆகஸ்டில் வந்தது. மேரிகோல்டு என்றால் நம் ஊர்ச் செண்டுமல்லிதான். வைக்கோல் தொப்பி போட்ட பெண் காற்றில் ஆடும் செண்டுமல்லி போல இருக்கிறாள் என்பதுதான் பாட்டின் படிமம். அய்ம்யோனின் குரல் மற்றப் பெண் பாப் பாடகிகளைவிடத் தாழ்ந்தது, கனமானது. கச்சேரியில் பெண்கள் ஐந்து, ஐந்தரை கட்டையில் பாடும்போது, உனக்கு நாலுதான் சரி என்று பாட்டு டீச்சர் சொல்லிவிட்டாரா? உங்களுக்கு 'மிராய் எ'யைவிட இதுதான் பொருந்தும். கள்ளக் குரலை நம்பிப் பாட வேண்டிய பாட்டில்லை, பேசுகிற குரலை அப்படியே நீட்டினால் போதும்.

ஆனால் மூன்றாவது கேள்வியில் 'மேரிகோல்டு' சற்றுப் பின்தங்குகிறது. சரணங்களில் சொற்கள் பேச்சு மாதிரி அடுத்தடுத்து வந்து விழும். திரையில் கான்ஜி என்ற சீன எழுத்துக்கு மேல், உச்சரிப்பைக் காட்டும் ஹிராகானா எழுத்து குட்டியாக இருக்கும், பாட்டு நகர நகர எழுத்தின் நிறம் மாறும். அந்த நிறம் நம் வாயை முந்திக்கொண்டு ஓடிவிடும். ஹிராகானாவின் 46 எழுத்தையும் தடுமாறாமல் படிக்க வந்தால் மட்டும் இதை எடுங்கள். அதுவரை 'மிராய் எ' போதும்.

இந்த இடத்தில் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஜப்பானிய மொழியும் மாத்திரைக் கணக்கில் ஓடுகிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. 'ஒபசன்' என்றால் அத்தை, 'ஒபாசன்' என்றால் பாட்டி. குறில் நெடில் படித்து வளர்ந்த நமக்கு இது ஒரு கஷ்டமே இல்லை. ர என்ற ஒலியும் நம் நாக்குக்குப் பழக்கமானதுதான். வித்தியாசம் மெய்யெழுத்தில். நமக்கு மெய் அரை மாத்திரை, அங்கே முழு மாத்திரை. 'கித்தெ' என்ற சொல்லுக்கு நாம் இரண்டு தட்டுத் தட்டுவோம், அவர்கள் கி, த், தெ என்று மூன்று தட்டுவார்கள். 'ஷிம்புன்' நான்கு தட்டு. பாட்டில் அந்த 'ன்'னுக்குத் தனி ஸ்வரமே வைத்திருப்பார்கள். நாம் அதை விழுங்கிவிட்டால் அடுத்த சொல்லுக்கு முன்னால் போய் நின்றுவிடுவோம். நான் பல மாதம் தாளம் தப்பியதற்குக் காரணம் இதுதான். தொடையில் தட்டிக்கொண்டே ஒரு வரியை நாலு முறை படித்தால் சரியாகிவிடும்.

அடுத்தது 'நத ஸோஸோ'. கண்ணீர் தாரை தாரையாக வழிவதைச் சொல்லும் ஒகினாவாச் சொல். வரிகள் மொரியாமா ரியோகோ, இறந்துபோன தன் அண்ணனை நினைத்து எழுதியவை. இசை பிகின் குழு. 1998 இல் வந்த பாட்டை 2001 இல் நட்சுகாவா ரிமி பாடிய பிறகுதான் நாடே பாடத் தொடங்கியது. பழைய புகைப்பட ஆல்பத்தைப் புரட்டுவதில் ஆரம்பிக்கும். சொல் குறைவு, அர்த்தம் புரிந்தால் நெஞ்சு கனத்துவிடும். எனக்கு ஜப்பானியப் பாட்டிலேயே மிகவும் பிடித்தது இது. அதனால்தான் இதை எளிய பாட்டு என்று சொல்ல மனம் வரவில்லை. தொடக்கம் கீழ் ஸ்தாயியில் இருக்கிறது, பல்லவி நன்றாக மேலேறிவிடுகிறது. தாழ்ந்த குரலுக்காகச் சுருதியைக் குறைத்தால் தொடக்கத்தில் சத்தமே வராது, தொடக்கத்துக்காக ஏற்றினால் பல்லவி எட்டாது. நீண்டு நிற்கும் ஸ்வரங்களுக்கு மூச்சும் நிறைய வேண்டும். 'மிராய் எ' கைவசப்பட்ட பிறகு இரண்டாவது பாட்டாகப் பழகுங்கள். ரிமியின் குரலில் வரும் அந்தச் சிறு சுழிப்புகளை விட்டுவிட்டு நேராகப் பாடினாலே அழகாக இருக்கும்.

மூத்த அதிகாரிகள் இருக்கும் கூட்டம் என்றால் மிசோரா ஹிபாரியின் 'கவா நொ நகாரே நொ யோ நி' பாடச் சொல்லி யாராவது கேட்பார்கள். 'ஆற்றின் ஓட்டம் போல' என்று பொருள். 1989 ஜனவரியில் வந்தது, அந்த ஜூனிலேயே ஹிபாரி 52 வயதில் காலமானார். சரணம் தாழ்ந்து, நிதானமாக, பேசுவது போல இருக்கும். பல்லவி நீண்ட ஓர் 'ஆ'வில் மேலே தாவும். அந்த ஒரு தாவலை மட்டும் தனியாகப் பழகினால் மீதியெல்லாம் கைக்கு வந்துவிடும். ஒரு வெளிநாட்டுப் பெண் இதைப் பாடினால் பெரியவர்கள் கண் கலங்கிக் கைதட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

தனியாகப் பாடவே தயக்கமா? 1961 இல் சகாமோட்டோ க்யூ பாடிய 'உஎ ஒ முயித்தே அருகோ'வைப் போடுங்கள். 1963 இல் 'சுகியாகி' என்ற பெயரில் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. ஆண் பாடியதுதான், ஆனால் இரண்டாவது வரிக்குள் அறையே சேர்ந்துகொள்ளும், உங்கள் குரல் அதில் ஒன்றாகிவிடும். சீழ்க்கை வரும் இடத்தில் கொஞ்சம் ஓய்வும் கிடைக்கும்.

யோஅசோபியின் 'யோரு நி ககேரு' போன்ற புதிய பாடல்களை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம். 2020 இல் பில்போர்டு ஜப்பானின் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பெற்றது என்பதால் எல்லோரும் ஆசைப்படுவார்கள். வேகம், தாவல், சொல் நெரிசல் மூன்றும் ஒன்றாக வருகிறது.

அப்புறம், அறையில் இருக்கும் கருவியைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். டாம் என்ற வகைக் கரோக்கே கருவி உள்ள கடையில் 'டென்மோகு' என்ற டேப்லெட் மேசையில் இருக்கும். அதில் 'கீ' என்று ஏற்றவும் இறக்கவும் பொத்தான் உண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் அரை ஸ்வரம் மாறும். பாட்டின் நடுவிலும் மாற்றலாம். மூலச் சுருதியிலேயே பாடினால்தான் மரியாதை என்று ஜப்பானியர் யாரும் நினைப்பதில்லை, அவர்களே இரண்டு மூன்று இறக்கித்தான் பாடுகிறார்கள். மதிப்பெண் போடும் வசதியை மட்டும் பழகும்வரை அணைத்து வையுங்கள். திரையில் ஓடும் ஸ்வரக் கோடுகளைத் துரத்தினால் வரிகளைப் படிக்க முடியாது.

விருந்துக்கு முந்தைய வாரம், வேலை நாளில் பகலில், தனியாகப் போய் ஓர் அறை எடுங்கள். தனியே பாடுவதற்கு அங்கே 'ஹிதோகரா' என்று பேரே இருக்கிறது, யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், கட்டணமும் பகலில் குறைவு. ஒரே பாட்டை மூலச் சுருதியில் ஒரு தடவை, இரண்டு இறக்கி ஒரு தடவை, மூன்று இறக்கி ஒரு தடவை பாடுங்கள். எந்த எண்ணில் கடைசிப் பல்லவி வரை தொண்டை வலிக்காமல் வந்தீர்களோ, அதைப் பாட்டின் பெயரோடு கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். என் கைபேசியில் 'மிராய் எ'க்கு நேரே மைனஸ் இரண்டு என்று இருக்கிறது.