14 மாத்திரையும் ஒரு ஸ்ட்ரெச்சரும்

லண்டனிலிருந்து மூன்று வார லீவில் ஊருக்குப் போயிருந்தேன். நான்காம் நாள் விடியற்காலை, அப்பா திண்ணையில் உட்கார்ந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "வாயுதான்டா" என்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் காரில் பத்து நிமிடத்தில் ஆரம்ப சுகாதார நிலையம். நைட் டூட்டியில் நர்ஸம்மா மட்டும். டாக்டர் இல்லையே என்று என் முகம் போன போக்கை அவர் சட்டை செய்யவில்லை. ஈசிஜி எடுத்தார், டாக்டருக்கு வாட்ஸப்பில் அனுப்பிப் பேசினார், ஒரு சின்ன கவரைப் பிரித்து அப்பாவின் உள்ளங்கையில் கொட்டினார். ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அடோர்வாஸ்டாடின் 8. மாரடைப்புக்கு முதலில் தரும் 'லோடிங் டோஸ்'. 2023 முதல் தமிழ்நாட்டில் கிராமத்து நிலையங்களிலேயே இது இருக்கிறது. "இத்தனையுமா?" என்றார் அப்பா. "எண்ணாம முழுங்குங்கய்யா" என்று ஓர் அதட்டல். அதற்குள் 108 வந்துவிட்டது. காசு ஒரு பைசா இல்லை.

சிக்கல் பெரியாஸ்பத்திரி வாசலில்தான். அங்கே ஆபத்தைப் பொறுத்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். அப்பா சிவப்பு. ஆனால் ஸ்ட்ரெச்சர் எல்லாம் ஸ்கேனுக்குப் போயிருந்தன. 108 தம்பிகள் தங்கள் ஸ்ட்ரெச்சரோடு வராந்தாவில் நின்றார்கள். "சீட்டு போட்டுட்டு வாங்க" என்று என்னைக் கவுண்டருக்கு விரட்டினார்கள். தள்ள வந்தவர் "பார்த்துக் கவனிங்க சார்" என்றார். கொடுத்தேன். நியாயம் பேசும் தெம்பு அப்போது இல்லை. உள்ளே மறுபடி ஈசிஜி. முதலில் எடுத்தது நர்ஸம்மா போனில்தானே இருக்கிறது! "என்ன மாத்திரை கொடுத்தாங்க?" என்றார் டாக்டர். சட்டைப்பையில் திணித்திருந்த காலிக் கவரை நீட்டினேன். அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, மறுநாள் ஆஞ்சியோ.

லண்டனைப் பெருமையாகச் சொல்ல வரவில்லை. மகன் மணிக்கட்டு முறிந்து ஏழு மணி நேரம் காத்திருந்தவன் நான். ஆனால் அங்கே மாரடைப்பு என்றால் ஆம்புலன்ஸிலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் போய்விடும், ஆள் தயாராக நிற்கும். சீட்டை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு முன் நர்ஸம்மாவைப் பார்த்து நன்றி சொல்லப் போனேன். "அங்க உள்ள கொண்டுபோக எவ்வளவு நேரமாச்சு?" என்றார். நாற்பது நிமிடம் என்றேன்.

"நான் நாலு தடவ போன் போட்டேன் சார். யாருமே எடுக்கல."