ஹெட் வேலைக்கு "புது வால்வு"ன்னு பில் போட்டா, மாட்டறதுக்கு முன்னாடி பாருங்க

பெருந்துறைப் பக்கம் ஒரு மூணு சிலிண்டர் டிராக்டருக்கு நடந்தது இது. கோடை உழவுக்கு முன்னால ஹெட்டை (சிலிண்டருங்க மேல மூடி மாதிரி இருக்கிற, வால்வு உக்கார்ற பாகம்) இறக்கி ஒரு பட்டறையில கொடுத்திருக்காங்க. பில்லுல வால்வு 6, கைடு (வால்வுத் தண்டு ஓடற குழாய்) 6, சீட் (வால்வு ஹெட்டுல உக்கார்ற வளையம்) கட்டிங், லேப்பிங் (பேஸ்ட் தடவி வால்வையும் சீட்டையும் தேச்சுப் பொருத்தறது). உழவு முடியறதுக்குள்ளயே ஒரு சிலிண்டர் அடிக்கல. திரும்ப இறக்கினா எக்ஸாஸ்ட் வால்வு (புகையை வெளியே விடற வால்வு) ஒண்ணு ஓரம் எரிஞ்சு, துண்டு காணோம். ஆறுமே பழைய வால்வு! சீட்டுல படியற முகத்தை மெஷின்ல தீட்டி, பஃப் (பாலிஷ்) போட்டு மாட்டியிருக்காங்க. கேட்டதுக்கு "டீசல் சரியில்லைங்க"ன்னு பதில்.

பழசைக் கண்டுபிடிக்கறது சுலபம்ங்க. தண்டுல நகத்தை ஓட்டுங்க. கைடுக்குள்ள ஓடின இடத்துல படி தட்டுப்படும். ராக்கர் (வால்வை அமுக்கித் திறக்கிற கை) அடிக்கிற நுனியில குழி இருக்கும். முக்கியமா, வால்வுத் தலையோட விளிம்பு கனத்தைப் பாருங்க. தீட்டித் தீட்டி 1 மி.மீ.க்கும் கீழ போயிருந்தா அந்த எக்ஸாஸ்ட் வால்வு தாங்காது. வால்வோட சூடு பெரும்பாலும் சீட் வழியாத்தான் ஹெட்டுக்கு இறங்குது. கத்தி மாதிரி மெலிஞ்ச ஓரம் அந்தச் சூட்டைக் கடத்த முடியாம எரிஞ்சுபோகும்.

மண்ணெண்ணெய் டெஸ்ட் காட்டி "பாருங்க, ஒழுகல"ம்பாங்க. ஹெட்டைச் சாய்ச்சு போர்ட்டுல (காத்தும் புகையும் போற வழி) மண்ணெண்ணெயை ஊத்தி, வால்வு ஓரத்துல கசியுதான்னு பாக்கறது அவசியம்தான். ஆனா அப்பத்தான் லேப் பண்ணின மெலிஞ்ச வால்வும் அன்னைக்கு ஒழுகாது. அதனால அதை மட்டும் நம்பி வாங்கிட்டு வராதீங்க.

கழட்டுற விதத்தையும் கவனிங்க. ஸ்பிரிங் கம்ப்ரஸர் (வால்வு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவி) போடாம, கப் (ஸ்பிரிங்கோட மேல் மூடி) மேல பாக்ஸ் ஸ்பேனர் வெச்சு சுத்தியல்ல அடிச்சு, லாக்கை (கப்பைத் தண்டோட பிடிச்சிருக்கிற சின்னத் துண்டு) தெறிக்க விடற பட்டறை வேண்டாம். வால்வுத் தண்டோட நுனி அடிபட்டு மலர்ந்திருந்தா அரம் போட்டுச் சரிபண்ணிட்டுத்தான் தண்டை வெளிய எடுக்கணும். அப்படியே தட்டி இறக்கினா கைடு கீறிப்போகும். லாக் பள்ளம் தேஞ்ச வால்வைத் திரும்ப மாட்டவே கூடாது. ஓட்டத்துல லாக் கழண்டா வால்வு பிஸ்டன் மேல விழும், இன்ஜினே போயிரும்.

லேப்பிங் கையில குச்சி வெச்சு, தூக்கித் தூக்கித் திருப்பிப் பண்ணணும். முதல்ல கோர்ஸ் (கரகரப்பான) பேஸ்ட், அப்புறம் ஃபைன் (நைசான) பேஸ்ட். சாம்பல் நிறத்துல விட்டுப்போகாத ஒரே வளையம் வந்தா போதும். எந்த வால்வு எந்த சீட்டுல லேப் ஆச்சோ அதுலயே போகணும், அதுக்குத்தான் வால்வுல நம்பர் போடறது. பேஸ்ட்டைச் சுத்தமா கழுவாம விட்டா கைடையும் லைனரையும் தின்னுரும்.

சீட்டை ஆழமா வெட்டிட்டா வால்வு உள்ள இறங்கி கம்ப்ரஷன் குறையும், காலையில ஸ்டார்ட்டிங் கஷ்டம். டெப்த் கேஜ் வெச்சு மேனுவல்ல இருக்கிற அளவோட ஒத்துப் பாக்கச் சொல்லுங்க.

இந்த டிராக்டர்ல எரிஞ்ச சீட்டையும் இப்ப மாத்தியாகணும். ஹெட்டைச் சூடாக்கி, இன்சர்ட்டை (புது சீட் வளையம்) குளிர வெச்சு இறக்குற பட்டறையா பாத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கோம். இந்தத் தடவை பழைய ஆறு வால்வும் கைக்கு வந்த பிறகுதான் பணம்.