தகவல் தொழில்நுட்பமா, கணினி அறிவியலா? பட்டத்தின் பெயரைவிடக் கட்டாயப் பாடங்களின் பட்டியல் சொல்வது அதிகம்

கணினித் துறையில் இளநிலைப் பட்டம் படிக்க விரும்பும் மாணவர் முன் பெரும்பாலும் மூன்று பெயர்கள் வந்து நிற்கின்றன: கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், தகவல் முறைமைகள். முதலாண்டுக் கால அட்டவணையை மட்டும் பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். நிரலாக்கம் மூன்றிலும் உண்டு, தரவுத்தளமும் மூன்றிலும் உண்டு. அதனால்தான் எதைப் படித்தாலும் ஒன்றுதான் என்ற பேச்சு எளிதில் பரவிவிடுகிறது. அந்தப் பேச்சு மாணவர்களுக்குத் தீங்கு செய்கிறது என்பது என் உறுதியான கருத்து. எந்தப் பாடங்களைக் கட்டாயம் முடிக்க வேண்டும், அவற்றை எந்த வரிசையில் முடிக்க வேண்டும், இறுதியாண்டில் எதைச் செய்து காட்ட வேண்டும் என்று கேட்டுப் பார்த்தால் மூன்று பட்டங்களும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. அந்தப் பதில்களை, குறிப்பாக முதல் இரண்டு பட்டங்களின் பதில்களை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

ஏ.சி.எம்., ஐ.இ.இ.இ. கணினிச் சங்கம் ஆகிய தொழில்முறை அமைப்புகள் கணினிக் கல்விக்கான பாடத்திட்ட வழிகாட்டிகளைப் பல ஆண்டுகளாக வெளியிட்டு வருகின்றன. 2005ஆம் ஆண்டு வெளியான அவர்களின் பொது அறிக்கை கணினிப் பொறியியல், கணினி அறிவியல், தகவல் முறைமைகள், தகவல் தொழில்நுட்பம், மென்பொருள் பொறியியல் என ஐந்து துறைகளைத் தனித்தனியே வரையறுத்தது. 2020ஆம் ஆண்டு அறிக்கை இவற்றோடு இணையப் பாதுகாப்பையும் தரவு அறிவியலையும் சேர்த்து ஏழாக்கியது. இவற்றுள் தகவல் தொழில்நுட்பம் தாமதமாகத் தனி வடிவம் பெற்ற துறை. 1990களின் பிற்பகுதியில் அலுவலகங்களும் மருத்துவமனைகளும் கல்வி நிலையங்களும் வலையமைப்புகளை நம்பி இயங்கத் தொடங்கியபோது, அவற்றைத் தேர்ந்தெடுத்து, பொருத்தி, இணைத்து, பழுதுபடாமல் காக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். கணினி அறிவியல் அந்த வேலைக்கென்று ஆட்களை உருவாக்கவில்லை. தகவல் முறைமைப் படிப்போ நிர்வாகத்தின் பக்கம் நின்றது. அந்த இடைவெளியிலிருந்து பிறந்த பட்டம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், அதன் கட்டாயப் பாடங்கள் ஏன் அப்படி அமைந்தன என்பது விளங்கும்.

தகவல் தொழில்நுட்பத்துக்கென்று 2008ஆம் ஆண்டு வெளியான வழிகாட்டி நிரலாக்கம், வலையமைப்பு, தரவுத்தளம், மனிதரும் கணினியும் ஊடாடும் முறை, இணைய முறைமைகள் ஆகிய ஐந்தையும் துறையின் தூண்கள் என்று குறித்தது. தகவல் பாதுகாப்பும் தொழில் ஒழுக்கமும் அந்த ஐந்துக்கும் மேலே கூரைபோல் அமைந்தன. 2017ஆம் ஆண்டு வழிகாட்டி இன்னும் ஒரு படி முன்னே போய், இந்தத் தலைப்பைக் கற்பித்தாயிற்றா என்று கேட்பதை விட்டுவிட்டு, மாணவர் எதைச் செய்யும் திறன் பெற்றார் என்று கேட்கத் தொடங்கியது. அறிவு, செய்திறன், மனப்பாங்கு மூன்றும் சேர்ந்ததே தகுதி என்பது அதன் நிலைப்பாடு. இந்த மாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நள்ளிரவில் ஒரு சேவையகம் நின்றுபோனால், அங்கே தேவைப்படுவது வரையறைகளை ஒப்பிக்கும் திறன் அல்லவே.

கணினி அறிவியலின் அடித்தளம் வேறு. தரவுக் கட்டமைப்புகள், படிமுறைகளும் (அல்காரிதங்கள்) அவற்றின் சிக்கல்தன்மையும், கணிப்பியல் கோட்பாடு, நிரலாக்க மொழிகளின் கருத்தாக்கம், கணினிக் கட்டமைப்பு, இயக்கமுறைமை ஆகியவை அங்கே தவிர்க்க முடியாதவை. கணினியால் எதைக் கணிக்க முடியும், எவ்வளவு விரைவாகக் கணிக்க முடியும், ஏன் முடியாது என்ற கேள்விகளே அந்தப் பட்டத்தின் உயிர்.

கணிதம்: பிரிவு தொடங்கும் இடம்

இரண்டு பட்டங்களுக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாட்டை ஒரே சொல்லில் கூறச் சொன்னால் கணிதம் என்றுதான் சொல்வேன். கணினிப் படிப்புகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமெரிக்க அமைப்பான ஏபெட்டின் விதிகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. கணினி அறிவியல் பட்டத்துக்குக் கணினிப் பாடங்களில் குறைந்தது 40 செமஸ்டர் கிரெடிட்டும், கணிதத்தில் குறைந்தது 15 கிரெடிட்டும், இயற்கை அறிவியலில் 6 கிரெடிட்டும் வேண்டும். அந்தக் கணிதத்தில் தனிநிலைக் கணிதம் (கணங்கள், தருக்கம் போன்றவை), நிகழ்தகவு, புள்ளியியல் ஆகியவை இருக்க வேண்டும். அதன் தரம் தொடக்கநிலை நுண்கணிதத்துக்குக் குறையக் கூடாது. தகவல் தொழில்நுட்பத்துக்கோ, கணினிப் படிப்புகள் அனைத்துக்கும் பொதுவான 30 கிரெடிட் கணினிப் பாடங்களோடு துறைக்கு ஏற்ற கணிதம் என்ற அளவில் விதி நின்றுவிடுகிறது. எத்தனை கிரெடிட் கணிதம் என்பதைப் பெரும்பாலும் அந்தந்தக் கல்வி நிலையமே முடிவு செய்கிறது.

இந்த நெகிழ்வு ஒரு வரம். நுண்கணிதத்தின் இரண்டாம் தாளில் தடுக்கி விழுந்த ஒரே காரணத்தால், வலையமைப்பை நுணுக்கமாகப் புரிந்துகொள்ளும் மாணவர் பட்டத்தையே இழக்கும் நிலையை அது தவிர்க்கிறது. ஆனால் அதே நெகிழ்வு சில கதவுகளைச் சத்தமில்லாமல் சாத்தியும் விடுகிறது. இயந்திரக் கற்றலில் முதுநிலைப் படிப்புக்குப் போக விரும்புகிறவருக்கு நேரியல் இயற்கணிதமும் பன்மாறி நுண்கணிதமும் நிகழ்தகவும் வேண்டும். அவற்றைப் படிக்காமலேயே தகவல் தொழில்நுட்பப் பட்டம் பெற்றுவிட முடிகிறது என்பதைப் பலர் நான்காம் ஆண்டில்தான் அறிகிறார்கள். ஆகவே ஒரு தகவல் தொழில்நுட்பப் பாடத்திட்டத்தைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது தனிநிலைக் கணிதத்தையும் புள்ளியியலையும்தான். இவ்விரண்டும் கட்டாயப் பாடங்களாக இருந்தால் அந்தத் திட்டத்தை நம்பலாம். கணங்கள், தருக்கம், வரைபடக் கோட்பாடு ஆகியவற்றைத் தொடாத மாணவருக்குத் தரவை ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகளாக அமைக்கும் உறவு மாதிரியோ, அணுகல் உரிமை விதிகளோ மேலோட்டமாகத்தான் விளங்கும்.

ஒரே பெயர், இருவேறு பாடங்கள்

பாடத்தின் பெயரை மட்டும் பார்த்து இரண்டையும் ஒன்றென்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறு என்பதற்கு வலையமைப்புப் பாடமே நல்ல சான்று. மிகக் குறுகிய வழியைக் கண்டறியக் கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா 1959ஆம் ஆண்டு வெளியிட்ட படிமுறையை எடுத்துக்கொள்வோம். கணினி அறிவியல் மாணவர் அந்தப் படிமுறை சரியான விடையையே தரும் என்று நிறுவ வேண்டும். வழிகளின் எடை, அதாவது அவற்றுக்குத் தரப்படும் தூர அல்லது செலவு மதிப்பு, எதிர்மமாக இருந்தால் அது ஏன் தவறிவிடக்கூடும் என்று விளக்க வேண்டும். வேறொரு தரவுக் கட்டமைப்பைப் பயன்படுத்தினால் அதன் வேகம் எப்படி மாறும் என்று கணக்கிட வேண்டும். தகவல் தொழில்நுட்ப மாணவர் அதே படிமுறையை வேறொரு வாசல் வழியாகச் சந்திக்கிறார். ஓ.எஸ்.பி.எஃப். என்ற வழிச்செலுத்தல் நெறிமுறை உள்ளுக்குள் டைக்ஸ்ட்ராவின் படிமுறையைத்தான் இயக்குகிறது. அதை நான்கு ரவுட்டர்களில் அமைத்து, ஒரு இணைப்பைத் துண்டித்து, போக்குவரத்து எதிர்பார்த்த மாற்று வழியில் போகாமல் வேறு வழியில் ஏன் போகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது அவருடைய தேர்வு. /26 என்று குறிக்கப்படும் சப்நெட்டில், அதாவது வலையமைப்பின் ஒரு சிறு பிரிவில், 64 முகவரிகள் இருந்தாலும் கருவிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 62 மட்டுமே என்பதும், மீதி இரண்டும் எதற்கு ஒதுக்கப்பட்டவை என்பதும் அவருக்கு யோசிக்காமலே வர வேண்டும்.

தரவுத்தளத்திலும் இதே கதைதான். எட்கர் காட் 1970ஆம் ஆண்டு முன்வைத்த உறவு மாதிரியில்தான் இருவரும் தொடங்குகிறார்கள். அதன்பின் ஒருவர் தரவை விரைவாகத் தேட உதவும் பி-மரங்களின் அமைப்பையும், ஒரே நேரத்தில் நடக்கும் பரிமாற்றங்களைக் கட்டுப்படுத்தும் கோட்பாட்டையும் நோக்கிப் போகிறார். மற்றவர் யாருக்கு எந்த அட்டவணையைப் பார்க்க உரிமை தருவது, பேக்கப் எப்போது எடுப்பது, எடுத்த பேக்கப்பிலிருந்து தரவை உண்மையாகவே மீட்க முடிகிறதா என்று சோதிப்பது ஆகியவற்றை நோக்கிப் போகிறார். இவற்றுள் எது உயர்ந்தது என்ற கேள்வியே பொருளற்றது. வேலை வேறு, அதற்கான பயிற்சியும் வேறு. கோட்பாட்டுப் பக்கமே அறிவாளிகளுக்கு உரியது என்றும் மற்றது கைவேலை என்றும் பிரித்துப் பேசும் வழக்கம் கல்லூரிகளுக்குள்ளேயே இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

முன்தேவைப் பாடங்களின் சங்கிலி

மாணவர்கள் அதிகம் கவனிக்காத, ஆனால் பட்டம் எத்தனை ஆண்டில் முடியும் என்பதைத் தீர்மானிக்கும் பகுதி இது. கணினி அறிவியலில் சங்கிலி நீளமானது. நிரலாக்கத்தின் முதல் தாளை முடித்தால்தான் இரண்டாம் தாள், அதோடு தனிநிலைக் கணிதமும் சேர்ந்தால்தான் தரவுக் கட்டமைப்புகள், அதற்குப் பிறகே படிமுறைகள், அதன்பின்தான் பல மேல்நிலைப் பாடங்கள் என்று அது நீள்கிறது. நடுவே ஒரு பாடம் தவறி, அந்தப் பாடமும் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்தப்படுமானால், ஒரு முழு ஆண்டு பின்தங்க நேரிடும். தகவல் தொழில்நுட்பத்தில் சங்கிலி பெரும்பாலும் குட்டையானது, பல கிளைகளாகப் பக்கவாட்டில் பரவுவது. வலையமைப்பு, தரவுத்தளம், இணைய முறைமை, பயனர் அனுபவம் ஆகியவை முதலாண்டு அடிப்படையிலிருந்து ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்கலாம். பாதியில் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கும், பகுதி நேரமாகப் படிக்கிறவர்களுக்கும் இந்த அமைப்பு பெரிய உதவி.

மொத்தக் கிரெடிட்டுகளைப் பொறுத்தவரை பட்டத்தின் பெயரைவிட நாட்டின் முறையே முக்கியம். அமெரிக்க முறையில் நான்காண்டுப் பட்டத்துக்கு 120 செமஸ்டர் கிரெடிட் என்பது வழக்கம். ஐரோப்பிய முறையில் ஆண்டுக்கு 60 கிரெடிட் வீதம் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 180 கிரெடிட் வரும். அந்த முறையில் ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும். எண்களை மட்டும் பார்த்து 180தான் 120ஐவிடக் கனமான படிப்பு என்று முடிவு செய்யக் கூடாது. மூன்றாண்டுப் பட்டத்தில் பொதுப் பாடங்கள் குறைவாகவும் துறைப் பாடங்கள் செறிவாகவும் இருப்பதே பெரும்பாலும் உண்மை நிலை. வேறு நாட்டில் மேற்படிப்புக்கோ வேலைக்கோ போகும் எண்ணம் உள்ளவர்கள், கணினிக் கல்வித் தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்பதற்காக 2008ஆம் ஆண்டு உருவான சியோல் உடன்படிக்கையில் தங்கள் படிப்புக்குச் சான்று வழங்கிய அமைப்பு இடம்பெற்றுள்ளதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இறுதித் திட்டப்பணியும் தொழிற்சான்றிதழ்களும்

இறுதியாண்டுத் திட்டப்பணியின் பெயர் இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம், எதிர்பார்ப்பு ஒன்றாக இருப்பதில்லை. கணினி அறிவியலில் புதிய முறையொன்றை உருவாக்கி, ஏற்கெனவே உள்ளவற்றோடு அளந்து ஒப்பிட்டு, அறிக்கையாக எழுதுவது ஏற்றுக்கொள்ளத்தக்க முடிவு. தகவல் தொழில்நுட்பத்தில் உண்மையான பயனர் ஒருவர் இருக்க வேண்டும் என்றே நான் வற்புறுத்துவேன். அவருடைய தேவையைக் கேட்டு, சந்தையில் இருப்பவற்றில் எதை வாங்குவது, எதை நாமே எழுதுவது என்று முடிவு செய்து, நிறுவி, பயிற்சி தந்து, ஆவணமும் கொடுத்துவிட்டு வருவதுதான் அந்தப் பட்டத்தின் உண்மையான தேர்வு. இறுதித் திட்டப்பணியை விருப்பப் பாடமாகவோ, வகுப்பறைக்குள் முடிந்துவிடும் மாதிரிப் பணியாகவோ வைத்திருக்கும் தகவல் தொழில்நுட்பத் திட்டத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சில தகவல் தொழில்நுட்பத் திட்டங்கள் சி.சி.என்.ஏ. (வலையமைப்புக்கானது), செக்யூரிட்டி பிளஸ் (பாதுகாப்புக்கானது) போன்ற தொழிற்சான்றிதழ்களைப் பாடங்களோடு இணைத்துவிடுகின்றன, அல்லது அவற்றுக்குக் கிரெடிட் தருகின்றன. வேலை தேடும் முதல் ஆண்டில் அது பயன்படும். ஆயினும் இந்தச் சான்றிதழ்கள் மூன்றாண்டுகளுக்கே செல்லுபடியாகும், பிறகு புதுப்பிக்க வேண்டும். பட்டத்துக்கு அப்படியொரு கெடு இல்லை. ஆகவே கட்டாயப் பாடங்களில் பெரும்பகுதி ஒரே நிறுவனத்தின் கருவிகளைச் சுற்றியே அமைந்திருந்தால், நான்காண்டு உழைப்பை மூன்றாண்டு ஆயுள் உள்ள பொருளில் போடுகிறோமா என்று யோசிக்க வேண்டும்.

தகவல் முறைமைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதற்கும் கணினிப் பாடங்கள் 30 கிரெடிட்டாவது வேண்டும். அதோடு வணிகம் போன்ற, தகவல் முறைமை பயன்படும் ஒரு களத்தைப் பற்றிய 15 கிரெடிட் பாடங்களும் புள்ளியியலும் ஏபெட் விதிகளில் கேட்கப்படுகின்றன. கணக்கியலையும் நிர்வாகத்தையும் விரும்பிப் படிக்கக் கூடியவருக்கு அது பொருத்தமானது. கருவிகளோடு நேரடியாகப் பழக விரும்புகிறவருக்கு அது ஏமாற்றமே தரும்.

இன்னும் முடிவு செய்யாத மாணவருக்கு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. கணினி அறிவியலில் சேர்ந்து ஓராண்டுக்குப் பின் தகவல் தொழில்நுட்பத்துக்கு மாறுகிறவர் முடித்த கணிதமும் நிரலாக்கமும் பெரும்பாலும் அப்படியே கணக்கில் சேரும். எதிர்த்திசையில் மாறுகிறவர் நுண்கணிதத்தின் முதல் தாளிலிருந்து சங்கிலியைத் தொடங்க வேண்டியிருக்கும்; இரண்டாம் ஆண்டின் முடிவில் மாறினால் நான்காண்டில் முடிப்பது கடினம். எனவே ஐயம் இருக்கும்வரை, தகவல் தொழில்நுட்பத்திலேயே சேர்ந்தாலும், முதல் இரண்டு செமஸ்டர்களில் விருப்பப் பாடத்துக்குரிய இடங்களில் தனிநிலைக் கணிதத்தையும் நுண்கணிதத்தின் முதல் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாறினால் ஓராண்டு மிச்சமாகும், மாறாவிட்டாலும் அந்த இரண்டு பாடங்களும் பட்டத்துக்கான மொத்தக் கிரெடிட்டில் சேர்ந்துவிடும்.