கேடட் பிள்ளைக்கு எந்த ஹானர் சொசைட்டி? என்.எச்.எஸ், கம் லாடே, கிட்டி ஹாக்

மகன் வர்ஜீனியாவில் ஒரு தனியார் ராணுவப் பள்ளியில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். பத்தாம் வகுப்பின் இரண்டாம் பாதியில் நேஷனல் ஹானர் சொசைட்டிக்கான (என்.எச்.எஸ்) படிவம் வந்தது. ஹானர் சொசைட்டி என்றால் சிறந்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் சங்கம். அதே சமயத்தில் விமானப்படை ஜேஆர்ஓடிசி (பள்ளி மாணவர்களுக்கான ராணுவப் பயிற்சித் திட்டம்) ஆசிரியர், கிட்டி ஹாக் ஏர் சொசைட்டிக்குப் பெயர் கொடுக்கிறாயா என்று கேட்டார். இரண்டிலும் சேரத் தடை ஏதும் இல்லை, நேரம்தான் இல்லை. நாங்கள் என்.எச்.எஸ்ஸை முதலில் வைத்தோம். இப்போது பதினோராம் வகுப்பு முடியப் போகிறது. இன்றைக்கு யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மார்க் வேண்டும், பட்டமளிப்பு அன்று தோளில் ஒரு கயிறோ சட்டையில் ஒரு பின்னோ கிடைக்கும் என்பதெல்லாம் எந்தச் சங்கத்துக்கும் பொது. அதில் நிற்க வேண்டாம்.

மூன்றில் மூத்தது கம் லாடே. 1906-ல் மேரிலாந்தின் போர்ட் டெபாசிட்டில் இருந்த டோம் பள்ளியில் தொடங்கியது. கல்லூரிகளில் ஃபை பீட்டா கப்பா என்ற ஹானர் சொசைட்டி எப்படியோ, உயர்நிலைப் பள்ளிகளில் அப்படி ஒன்று வேண்டும் என்பது அதன் நோக்கம். பட்டம் பெறும் வகுப்பில் 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதி. அதனால் பெயருக்கு மதிப்பு உண்டு. இந்தியானாவின் கல்வர் போன்ற பள்ளிகளில் கிளை இருக்கிறது. ஆனால் இதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. படிவம் கிடையாது, சேவை மணிக்கணக்கும் கிடையாது. ஆசிரியர்கள் மதிப்பெண்ணைப் பார்த்து அவர்களாகவே எடுப்பார்கள். பெரும்பாலும் கடைசி வருடத்தில்தான் பெயர் வரும், அதற்குள் கல்லூரி விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்திருக்கும். கிடைத்தால் சந்தோஷம். இதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

கிட்டி ஹாக், ரைட் சகோதரர்கள் 1903-ல் பறந்த இடத்தின் பெயரைத் தாங்கியது. விமானப்படை ஜேஆர்ஓடிசி கேடட்களுக்கு மட்டும். தரைப்படையோ கடற்படையோ சார்ந்த பள்ளி என்றால் இந்தப் பேச்சே இல்லை. இதன் பெரிய வசதி, வேலை முழுக்கப் படையணிக்குள்ளேயே முடிந்துவிடும். கொடி அணிவகுப்பு, புதிய கேடட்களுக்குப் பாடம் சொல்லித் தருவது, விழாவுக்கு ஆள் நிற்பது. பேட்ஜை யூனிஃபார்மிலேயே குத்திக்கொள்ளலாம். பதினைந்து வயதுப் பையனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. என் மகனும் பின்னால் இதில் சேர்ந்தான், ஆனால் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, அதனால் ரொம்ப அடித்துச் சொல்ல மாட்டேன். பார்த்தவரை, பள்ளி வாசலைத் தாண்டினால் பலருக்கு இது என்னவென்று விளக்க வேண்டியிருக்கிறது.

என்.எச்.எஸ்ஸை விளக்க வேண்டியதில்லை. 1921-ல் பள்ளி முதல்வர்களின் தேசிய சங்கம் இதைத் தொடங்கியது. இன்று அமெரிக்காவில் எந்தக் கல்லூரி அலுவலகத்துக்கும் தெரிந்த பெயர். வெஸ்ட் பாயிண்ட் (அமெரிக்கத் தரைப்படையின் ராணுவ அகாடமி) ஒவ்வொரு புது வகுப்பைப் பற்றியும் வெளியிடும் விவரத்தில், என்.எச்.எஸ் உறுப்பினராக இருந்தவர்கள் எத்தனை பேர் என்று தனி வரியே வரும். ராணுவ அகாடமிக் கனவோடு பிள்ளையை இங்கே சேர்த்தவர்களுக்கு இது போதும். ஆனால் எத்தனையோ பேருக்குக் கிடைக்கும் பெயர்தான், இதை மட்டும் வைத்து இடம் கிடைத்துவிடாது.

சேருவதைவிட நீடிப்பதுதான் இதில் பாடு. அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தேசிய விதிப்படி ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) 3.0-க்குக் குறையக் கூடாது. பள்ளி அதைவிட உயர்த்திக்கொள்ளலாம். படிப்பு, சேவை, தலைமை, நடத்தை என்று நான்கு அளவுகோல். ஐந்து ஆசிரியர்கள் கொண்ட குழு வாக்களித்து எடுக்கும். சேவை எத்தனை மணி நேரம் என்பதை ஒவ்வொரு கிளையும் தானே வைத்துக்கொள்கிறது. வீட்டிலிருந்து போய் வரும் பிள்ளைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சனிக்கிழமை அம்மா காரில் உணவு வங்கியில் இறக்கிவிட்டால் மூன்று மணி நேரம் கணக்கில் ஏறிவிடும்.

கேடட் கதை வேறு. விடியும் முன் எழுப்பிவிடுவார்கள். அணிவகுப்பு, வகுப்பு, விளையாட்டு, சாப்பாடு, பிறகு இரவு இரண்டு மணி நேரம் கட்டாயப் படிப்பு, விளக்கு அணைப்பு. சனிக்கிழமை காலை அறைச் சோதனை. வெளியே போக வேன் வேண்டும், கூட ஒரு அதிகாரி வேண்டும், அந்த வாரம் டிமெரிட் (ஒழுங்கு தவறினால் விழும் தண்டனைப் புள்ளி) இருக்கக் கூடாது. கட்டில் விரிப்பு சுருங்கியிருந்தாலே டிமெரிட் விழும். சேர்ந்துபோனால் சனிக்கிழமை மைதானத்தில் நடை. முதல் செமஸ்டரில் "அப்பா, இந்த வாரமும் வேன்ல இடம் இல்லை" என்பதுதான் போனில் பேச்சாக இருந்தது. மணிக்கணக்குத் தாளில் தேதி, வேலை, நேரம், கையெழுத்து என்று நான்கு கட்டம்; கையெழுத்துக் கட்டம் காலியாகவே கிடந்தது.

வழி கிடைத்தது இரவுப் படிப்பு நேரத்தில்தான். தன் வேலையை முடித்த கேடட், அனுமதி வாங்கிக்கொண்டு, ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு அல்ஜீப்ரா சொல்லித் தரலாம். அங்கேயே பொறுப்பு ஆசிரியர் கையெழுத்துப் போட்டுவிடுவார். சம்பளம் இல்லாமல் தானாக முன்வந்து செய்தால் அதுவும் சேவைதான் என்று கிளை ஆசிரியர் ஒத்துக்கொண்டார். (தண்டனையாகக் கூட்டிப் பெருக்கியதைக் கணக்கில் எழுதிப் பார்த்த புத்திசாலிகளும் உண்டு. அது செல்லாது.) அதற்குப் பிறகு வேனுக்குக் காத்திருக்கும் பாடு போய்விட்டது.

அடுத்தது நடத்தை. சாதாரணப் பள்ளியில் இது ஆசிரியர்களின் பொது அபிப்பிராயத்தோடு போய்விடும். இங்கே எல்லாமே தாளில் இருக்கிறது, டிமெரிட் பட்டியலைக் குழு எடுத்துப் பார்க்கலாம். ஷூ பளபளக்கவில்லை என்ற டிமெரிட்டும், பொய் சொல்லி மாட்டிய ஹானர் கோட் வழக்கும் ஒன்றில்லை என்று குழுவுக்குத் தெரியும், ஆனால் சின்னதே நிறையச் சேர்ந்தால் அதற்கும் ஒரு கனம் வரும். உறுப்பினரை நீக்க வேண்டுமென்றால் அறிவிப்பு கொடுத்து அவன் தரப்பைக் கேட்க வேண்டும், முதல்வரிடம் மேல்முறையீடும் உண்டு. ஆனால் ஒருமுறை நீக்கிவிட்டால் மறுபடி சேர்க்கவே மாட்டார்கள். வேறு பள்ளிக்குப் போனாலும் அப்படித்தான். கடைசி வருட வசந்தத்தில் படிப்பு தளரும்போது இந்த விதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு பாடு இருந்தும் என்.எச்.எஸ் பக்கம் நான் நிற்கக் காரணம், ராணுவப் பள்ளியில் எல்லோரும் நான்கு வருடம் இருப்பதில்லை. வேலை மாற்றம், கட்டணம், பிள்ளைக்கே பிடிக்காமல் போவது என்று பாதியில் ஊர்ப் பள்ளிக்குத் திரும்புபவர்கள் நிறைய. அங்கே என்.எச்.எஸ் கிளை இருந்தால், ஒழுங்கான உறுப்பினரைப் புதிதாகத் தேர்வு நடத்தாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கிளையின் தகுதிகளை எட்ட ஒரு செமஸ்டர் அவகாசம் உண்டு. விமானப்படை ஜேஆர்ஓடிசி இல்லாத பள்ளிக்குப் போனால் கிட்டி ஹாக் அத்தோடு சரி.

படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கிளை ஆசிரியரிடம் மூன்றைக் கேளுங்கள்: செமஸ்டருக்கு எத்தனை மணி நேரம், அதில் எவ்வளவு வளாகத்துக்குள்ளேயே முடிக்கலாம், டிமெரிட் பட்டியலைக் குழு எப்படி எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது கேள்விக்கு "எல்லாம் வெளியேதான்" என்று பதில் வந்து, பிள்ளைக்கு வார இறுதி விளையாட்டுப் போட்டிகளும் இருந்தால், விமானப்படைப் பள்ளியில் கிட்டி ஹாக்கையே முதலில் வையுங்கள்.