மகாராஜநகர் பக்கம் ‘ஆன்டிபயாட்டிக் இல்லாத’ கோழிக்கறிக் கடை: வாங்கலாமா?

பாளையங்கோட்டை மகாராஜநகர் உழவர் சந்தையைத் தாண்டிப் போகும்போது வரும் சின்னக் கடைதான். வாசலில் ‘ஆன்டிபயாட்டிக் இல்லாத பிராய்லர்’ என்று பெரிய போர்டு, விலை மற்ற கடைகளைவிடக் கிலோவுக்கு 30, 40 ரூபாய் கூடுதல். கொடுக்கலாமா என்று கேட்டால், தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் அந்தப் போர்டை நம்பி இல்லை.

போர்டைப் பற்றிக் கடைக்கார அண்ணாச்சியிடமே கேட்டேன். “சீக்கு வந்தா மருந்து குடுக்கத்தான் செய்வோம் தம்பி, இல்லன்னு பொய் சொல்லக்கூடாதுல்லா. டாக்டரு சொல்லுத நாளு கழிஞ்ச பொறவுதான் கோழி இங்க வரும்” என்றார். பண்ணையில் எந்தக் கொட்டகைக்கு என்ன மருந்து, என்றைக்குக் கொடுத்தது என்று எழுதிவைத்த நோட்டையும் எடுத்துக் காட்டினார். எனக்கு இந்தப் பதில்தான் பிடித்தது. சீக்குக் கோழிக்கு வைத்தியம் பார்ப்பது தப்பே இல்லை. சீக்கே இல்லாத கோழிக்கு, சீக்கிரம் எடை போடட்டும் என்று தீவனத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கலக்கிறார்களே, அதுதான் ஆபத்து. அந்தச் சின்ன அளவில் லேசான கிருமிகள் செத்து, மருந்துக்கு மசியாதவை மட்டும் மிஞ்சிப் பெருகும், அந்தத் தாங்கும் சக்தியை உருவாக்கும் மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடும். மனுஷனுக்கு வேறு மருந்து எதுவும் கேட்காதபோது கடைசியாகப் போடுகிற கொலிஸ்டினைக்கூடக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள், 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதையே 2006-இல் நிறுத்திவிட்டார்கள்.

அதனால் போர்டில் ‘வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலக்காத கோழி’ என்று மாற்றி எழுதினால் இன்னும் நேர்மையாக இருக்கும். இதை அவரிடமும் சொன்னேன், சிரித்துக்கொண்டார், மாற்றுவாரா தெரியாது.

இன்னொன்று, கறியில் மருந்து மிச்சம் இல்லை என்றால் கிருமியும் இல்லை என்று அர்த்தமில்லை. மருந்து உடம்பைவிட்டுப் போன பிறகும் அதற்கு அடங்காத ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் கோழிக் குடலிலேயே இருக்கலாம், நாட்டுக்கோழியிலும்தான். அறுக்கும்போது குடல் கிழிந்தால் கறியில் ஒட்டிக்கொள்ளும். இந்த இடத்தில்தான் கடைக்கு முழு மார்க். குடல் எடுக்க ஒரு கத்தி, துண்டு போட வேறு கத்தி, கட்டையை அவ்வப்போது சுரண்டி வெந்நீர் ஊற்றிக் கழுவுகிறார்கள், காசு வாங்குகிற ஆள் கறியைத் தொடுவதில்லை. நம்ம ஊரில் இதையெல்லாம் பார்த்து எவ்வளவு நாளாச்சு!

மீதி நம் வீட்டு அடுப்படியில்தான். குழாயை வேகமாகத் திறந்துவிட்டுக் கறியைக் கழுவினால் தண்ணீர் தெறித்துப் பக்கத்தில் இருக்கிற தக்காளி, மல்லித்தழை வரைக்கும் கிருமி போகும், பாத்திரத்துக்குள் வைத்து மெதுவாகக் கழுவுங்கள். கறி வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்காதீர்கள். துண்டின் நடுப்பகுதி வரை நன்றாக வெந்துவிட்டால் மருந்துக்கு அசையாத கிருமியும் மற்றதைப் போலச் செத்துத்தான் போகும். ஃபிரிட்ஜில் வைத்தால் சாகாது.

குறை என்றால், வெட்டிய கறியை ஐஸ் இல்லாமல் தட்டில் பரப்பி வைக்கிறார்கள், நம் வெயிலுக்கு அது சரிப்படாது. கண்ணெதிரே அறுத்துத் தரச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் செய்து தருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் ஈரல் கிடைக்காது.