ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுப் பழைய பைன் மரக்கடை: ஒரே ரேட்டில் இரண்டு ஜாதி மரம்

பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில், சர்வீஸ் ரோட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஷெட்டுகள் சில இருக்கின்றன. முன்னால் ஆள் உயரத்துக்கு மரப்பெட்டிகளும் பேலட்டுகளும் (சரக்கு அடுக்குகிற மரத் தட்டுகள்) குவிந்து கிடக்கும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து மெஷின் வந்து இறங்கிய பெட்டிகள் இவை. பிரித்து, ஆணி பிடுங்கி, பலகையாக விற்கிறார்கள். அதில் ஒரு கடையில்தான் என் புத்தக அலமாரிக்கும் எழுதுகிற மேசைக்கும் மரம் எடுத்தேன். கடைப் பெயரைக் கேட்காதீர்கள், பெயர்ப்பலகையே கிடையாது. பில்லும் கிடையாது, துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள்.

கடைக்காரர் பாய் நல்ல மனிதர், ஆனால் மரத்தைப் பற்றிப் பேசத் தெரியாதவர், அல்லது பேசினால் ரேட் ஏற்ற வேண்டியிருக்கும் என்று பேசாமல் இருப்பவர், எதென்று எனக்குப் புரியவில்லை. "எல்லாம் பைன்தான் சார், எதை எடுத்தாலும் ஒரே ரேட்" என்றார். இந்தக் கடைக்குப் போகச் சொல்வதற்கான முக்கியக் காரணமே இந்த ஒரு வாக்கியம்தான். ஏனென்றால் எல்லாம் ஒன்றில்லை. அந்தக் குவியலில் இருபத்தைந்து முப்பது வருஷத்தில் கிடுகிடுவென வளர்ந்து வெட்டுப்பட்ட தோட்டத்துப் பைனும் இருக்கிறது, ஆர்க்டிக் வட்டத்துக்குப் பக்கத்தில் நூறு வருஷம் பனியில் நின்ற மரமும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே விலை. தெரிந்தவன் பொறுக்கிக்கொண்டு வரலாம்.

எப்படிப் பொறுக்குவது? பலகையின் முகத்தைப் பார்க்காதீர்கள், வெட்டுமுனையைப் பாருங்கள். அழுக்கும் தூசும் அப்பியிருக்கும், பையில் ஒரு துண்டு உப்புத்தாள் வைத்துக்கொண்டு போய் நாலு தேய் தேய்த்தால் வளையங்கள் தெரியும். வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே விரல் அகலம் இடைவெளி இருந்தால் அது பெரும்பாலும் ரேடியாட்டா பைன். கலிபோர்னியாவில் பிறந்து நியூசிலாந்தில் தோட்டப்பயிராக வளர்கிற ஜாதி, அங்கே மழையும் மிதமான குளிரும் உண்டு, மரம் நிற்காமல் வளரும். மட்டமான மரம் என்று சொல்லமாட்டேன், ஆனால் மென்மை, திருகாணி பிடிமானம் சுமார். வளையம் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் என்று நெருக்கி அடுக்கியிருந்தால் விடாதீர்கள். பின்லாந்தின் வட பகுதியிலோ ஸ்வீடனின் வடக்கிலோ வளர்ந்த ஸ்ப்ரூஸாகவோ (பைன் மாதிரியே இன்னொரு ஊசியிலை மரம்) பைனாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே வருஷத்தில் இரண்டு மூன்று மாதம்தான் மரம் பருக்கும், மீதி நாளெல்லாம் உறைந்து நிற்கும். என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு அங்குலத்துக்குள் எண்ண ஆரம்பித்து, பதினெட்டோ பத்தொன்பதோ வந்ததும் கண் வலித்து விட்டுவிட்டேன். நம் கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் அகலமான இடத்தில் அத்தனை வருஷம்.

இரண்டாவது பார்க்க வேண்டியது நீலம். சில பலகைகளின் ஓரத்தில் மை கொட்டின மாதிரி சாம்பல் நீலத்தில் கோடு கோடாக ஓடியிருக்கும். பாய் அதை "தண்ணி பட்ட கறை, பாலிஷ் போட்டா போயிடும்" என்றார். போகாது. அது பூஞ்சை, பட்டையை ஒட்டிய வெளி மரத்துக்குள் ஊடுருவி இருக்கும், இழைத்தாலும் உள்ளே தொடரும். பலத்தைப் பெரிதாகக் குறைக்காது, பெயிண்ட் அடிக்கிற வேலைக்குத் தாராளமாக எடுக்கலாம், மரத்தின் நிறமே தெரிய வைக்கிற வேலைக்கு வேண்டாம். இந்த நீலம் பிடிப்பது பெரும்பாலும் வெயில் காலத்தில் வெட்டி, அறுக்காமல் போட்டுவைத்த தடிகளில். குளிர்காலத்தில் வெட்டிய மரத்துக்கு அந்தத் தொல்லை குறைவு, பூஞ்சையும் தூங்குகிறது, அதைச் சுமந்துவருகிற பட்டை வண்டும் தூங்குகிறது. குளிர்காலத்தில் மரத்துக்குள் ஈரமே இருக்காது, அதனால்தான் நல்லது என்று சில ஆசாரிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஊசியிலை மரங்களில் ஈரம் அப்படியெல்லாம் வற்றிவிடுவதில்லை.

பனிக்காலத்தில் மரம் வெட்டுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தரை. அந்த வட நாடுகளின் காட்டில் சதுப்பு நிறைய, கோடையில் காலை வைத்தால் முழங்கால் வரை போகும், வண்டி இறங்கினால் மண்ணையே உழுதுவிடும். உறைந்தால் அதே சதுப்பு கான்கிரீட் ரோடு. இன்றைக்கும் பின்லாந்தில் இளகிய மண் உள்ள காடுகளைக் குளிருக்கென்றே ஒதுக்கி வைக்கிறார்கள், குளிர் சரியாக இறுகாத வருஷங்களில் அங்கே மெஷினை இறக்க முடியாமல் திண்டாடுகிறார்கள். நமக்கு மலையிலிருந்து மரம் இறக்க யானையும் சரிவும் இருந்தன, டாப்ஸ்லிப்பில் தேக்குத் தடிகளை மேலிருந்து சரித்துவிட்டார்கள், நிலம்பூர்த் தேக்கைச் சாலியாற்றில் மிதக்கவிட்டார்கள். அவர்களுக்கு அந்த வேலையைப் பனி செய்தது.

19ஆம் நூற்றாண்டில் கனடாவின் ஒட்டாவா ஆற்றுப் பக்கம் இது எப்படி நடந்தது என்று படித்தால் நம் ஊர் வேலையெல்லாம் சொகுசு. இலையுதிர் காலத்தில் காட்டுக்குள் போவார்கள், பனி உருகும்வரை வெளியே வரமாட்டார்கள். ஒரே அறையுள்ள மரக்குடில், நடுவில் மணல் பரப்பித் திறந்த நெருப்பு, கூரையில் புகை போக ஒரு பெரிய ஓட்டை, சுற்றிலும் அடுக்குப் படுக்கை, ஐம்பது பேர் வரைகூட அதற்குள்தான். அவரையைப் பானையில் போட்டு அந்தச் சூட்டு மணலிலேயே புதைத்துவிடுவார்கள், ராத்திரி முழுக்க வெந்துகொண்டிருக்கும். அதுவும் உப்புப் பன்றிக்கறியும் ரொட்டியும் டீயும், தினம் தினம் அதே. தடி இழுக்கிற பாதையில் ராத்திரி தண்ணீர் தெளித்துப் பனிக்கட்டியாக்கி, மறுநாள் குதிரைகள் சறுக்கு வண்டியில் மலை போல ஏற்றி இழுக்கும். இறக்கத்தில் வண்டி குதிரைமேலேயே ஏறிவிடாமல் இருக்க மணலோ வைக்கோலோ தூவுவதற்கென்றே ஒரு ஆள். வசந்தத்தில் எல்லாவற்றையும் ஆற்றில் தள்ளிவிடுவார்கள். ஒன்டாரியோவில் அல்கோன்குயின் பூங்காவின் கிழக்கு வாசல் பக்கம் அப்படி ஒரு குடிலைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். பின்லாந்தின் கெமி ஆற்றில் தடி மிதக்கவிடுவது 1991இல்தான் நின்றது, அவ்வளவு பழங்கதை ஒன்றும் இல்லை.

இப்போது பெரிய வெட்டெல்லாம் ஹார்வெஸ்டர் மெஷின், ஒரு ஆள் கேபினுக்குள் சூடாக உட்கார்ந்து மரத்தைப் பிடித்து, அறுத்து, கிளை சீவி, அளவுக்குத் துண்டு போட்டுவிடுவான். ஆனால் பின்லாந்தில் காட்டில் பாதிக்கு மேல் சாதாரணக் குடும்பங்களின் சொத்து, அவர்களில் சிலர் இன்னும் குளிர்காலக் கடைசியில், பகல் நீள ஆரம்பித்ததும், காட்டுக்குள் இருக்கிற தங்கள் குடிலில் தங்கித் தாங்களே வெட்டுகிறார்கள். இடுப்பளவுப் பனியில் அந்த வேலையின் பெரும் பகுதி மரம் வெட்டுவதே இல்லை, மண்வெட்டி வேலை. அடிமரத்தைச் சுற்றித் தோண்டாமல் வெட்டினால் கோடையில் பார்க்கும்போது நெஞ்சளவு உயரத்தில் அடிக்கட்டை நிற்கும். மரம் சாய்கிற திசைக்குப் பின்பக்கமாகச் சாய்வாக ஒரு வழியை முதலிலேயே தோண்டி வைக்க வேண்டும், மரம் முறிகிற சத்தம் கேட்டதும் ஓட அது ஒன்றுதான் வழி, பனியில் இடுப்புவரை புதைந்து நின்றுகொண்டு எங்கே ஓடுவது? உச்சியில் தேங்கிய பனி முதல் தட்டிலேயே தலையில் கொட்டும். சாய்ந்த மரம் பனிக்குள் போய்ப் பாதி காணாமல் போகும். இழுக்கிற பாதையை ஒரு நாள் மிதித்து அமுக்கிவிட்டு, ஒரு ராத்திரி விட்டால் இறுகிவிடும், மறுநாள்தான் தடியை இழுக்கலாம். சங்கிலி ரம்பத்தை ராத்திரி குடிலுக்குள் கொண்டுவந்து சூட்டில் வைக்கமாட்டார்கள், வியர்த்து, மறுநாள் வெளியே எடுத்ததும் அந்த ஈரம் உறைந்து அடைத்துக்கொள்ளும். வெட்டுகிறவனும் வியர்க்கக் கூடாது, அதே காரணம்தான்.

வர்தா அடித்த 2016 டிசம்பரில் நம் தெருக்களில் சாய்ந்த மரங்களைப் பவர் ரம்பத்தால் அறுத்ததை இங்கே எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பனியனும் லுங்கியும் செருப்புமாக, மரத்தின்மேல் ஏறி நின்றுகொண்டு. அந்தப் பின்லாந்துக்காரன் பார்த்தால் மயங்கி விழுவான். நல்ல நல்ல தூங்குமூஞ்சி மரமெல்லாம் விறகுக்குப் போனது, அந்த வயிற்றெரிச்சல் தனி.

சரி, கடைக்கு வருகிறேன். மூன்றாவது, முத்திரை. பேலட்டிலும் பெட்டியிலும் கருகிய மாதிரி ஒரு குத்து இருக்கும், கோதுமைக் கதிர் படம், பக்கத்தில் நாட்டுக்கு இரண்டெழுத்து, அப்புறம் பூச்சி கொல்ல என்ன செய்தார்கள் என்பது. எஃப்ஐ என்றால் பின்லாந்து, எஸ்இ ஸ்வீடன், சிஏ கனடா, டிஇ ஜெர்மனி, சிஎன் சீனா. மரம் வளர்ந்த நாடு அதுவேதான் என்று நம்பிவிட வேண்டாம், பதப்படுத்திய நாடு மட்டும்தான் அது. சீனப் பெட்டிகளில் பலதும் நியூசிலாந்துத் தடியில் செய்ததாக இருக்கலாம், அதனால் முத்திரையைப் பார்த்தாலும் வளையத்தைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். எச்டி (HT) என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி வெப்பம் 30 நிமிஷம் ஏற்றியிருக்கிறார்கள், அதை எடுங்கள். எம்பி (MB) என்றிருந்தால் மீதைல் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் அது எதற்கு, குழந்தை கட்டிலுக்கென்றால் கண்டிப்பாக வேண்டாம். குளிர்காலத்தில் வெட்டியதா என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. நீலம் இல்லாமல், வளையம் நெருங்கி, பட்டையோரத்தில் வண்டுத் துளை இல்லாமல் இருந்தால் அந்த மட்டில் திருப்தி.

குறைகள். ஆணியை முழுசாகப் பிடுங்குவதில்லை, தலையை மட்டும் வெட்டி உள்ளே விட்டுவிடுகிறார்கள். எங்கள் ஆசாரி பிளேனரில் விட்டு ஒரு பிளேடு போனதும் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சார், மரம் மலிவு, பிளேடு யார் குடுப்பா?" அதற்கப்புறம் ஒவ்வொரு பலகை மேலும் காந்தத்தை ஓட்டிப் பார்த்துத்தான் இழைத்தோம். அளவில் கை வைக்கிறார்கள், முக்கால் அங்குலப் பலகையை ஒரு அங்குலமாகப் போட்டுக் கன அடி கணக்குச் சொன்னார்கள், டேப்பை எடுத்ததும் "அட, பழக்க தோஷம் சார்" என்று குறைத்தார்கள். நீளம் பெரும்பாலும் நாலடிக்குள், ஆறடி வேண்டுமென்றால் மெஷின் பெட்டி வந்த அன்றைக்கே பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் போகவே போகாதீர்கள், பாதிக் குவியல் கூரைக்கு வெளியே நனைகிறது. வாங்கி வந்தாலும் உடனே வேலையை ஆரம்பிக்க விடாமல், இடைக்குச்சி வைத்து அடுக்கி மொட்டைமாடி ரூமில் சில வாரம் ஆறப்போடுங்கள். இல்லாவிட்டால் பலகை வில்லாக வளைந்து, பழி ஆசாரி தலையில் விழும்.

கணு பற்றியும் சொல்ல வேண்டும். பார்க்க அழகு, நம் ஊர் வெயிலில் தொல்லை. கத்திரி வெயில் வந்ததும் என் மேசையின் கால் பக்கத்துக் கணுவில் ஒரு சொட்டுப் பிசின் பொங்கி நின்றது, தேன் நிறத்தில், தொட்டால் விரலை விடவில்லை, ஒரு வாரத்துக்கு அறை முழுக்க டர்பன்டைன் வாசனை. கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, கணுக்களுக்கு மட்டும் ஷெல்லாக் (அரக்குக் கரைசல்) இரண்டு பூச்சு அடித்ததும் அடங்கியது. பாலிஷ் போடுவதற்கு முன்னாலேயே இதை எல்லாக் கணுவுக்கும் செய்யச் சொல்லிவிடுங்கள்.

தேக்கோடு ஒப்பிடாதீர்கள். விலையில் பக்கத்தில்கூட வராது, ஆயுளிலும் வராது. கரையானுக்கு இது அல்வா, அதனால் நிலை, ஜன்னல், பாத்ரூம் கதவு, தரையில் பதிகிற எதுவும் வேண்டாம். சுவரிலிருந்து தள்ளி, காலுக்கு அடியில் ரப்பர் வைத்து, பின்பக்கத்துக்குப் போரிக் மருந்து அடித்தால் அலமாரி, மேசை, கட்டில் பலகை எல்லாம் தாராளமாக உழைக்கும். ஸ்டெயின் அடித்துத் தேக்கு நிறம் கொண்டுவரப் பார்க்காதீர்கள், திட்டுத் திட்டாக இழுக்கும், பல்லிளிக்கும். எங்கள் ஆசாரிக்கு ஆரம்பத்தில் இந்த மரத்தின்மேல் மரியாதையே இல்லை, பெட்டி மரம் பெட்டி மரம் என்று முனகிக்கொண்டே இருந்தார். நெருக்க வளையப் பலகையில் இழைப்புளி ஓட்டியபோதுதான் சீவல் பட்டு மாதிரி நீளமாகச் சுருண்டு வந்தது, அதைக் கையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "இதுல இன்னும் நாலு பலகை கிடைக்குமா தம்பி?" என்றார். சார் தம்பியானது அன்றைக்குத்தான்.

போகிறவர்கள் காலை பத்துக்குள் போங்கள், புது லோடு அப்போதுதான் பிரிப்பார்கள். உப்புத்தாள், டேப், காந்தம், கையுறை நாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜிபே வாங்குகிறார்கள். குட்டியானை வாடகையைக் கடைக்காரர் மூலம் பேசாமல் வெளியே நிற்கிற டிரைவரிடம் நேரே பேசுங்கள். குவியலின் அடியிலிருந்து உருவ வேண்டுமென்றால் ஏற்றுகூலி ஆட்களுக்கு முதலிலேயே டீக்குக் காசு கொடுத்துவிடுங்கள், நல்ல பலகையெல்லாம் அடியில்தான் கிடக்கிறது.